கோட்டைக்குப் பத்து ஆண்டு, கடைத்தெருவுக்கு நானூறு ஆண்டு

ஜப்பானில் கோட்டையை ஒட்டி வளர்ந்த ஊர்கள் ஏராளம். தைம்யோ எனப்படும் பிரபு கோட்டையில் இருப்பார். அவருடைய சாமுராய்கள் கோட்டையைச் சுற்றிக் குடியிருப்பார்கள். அவர்களுக்கு வேண்டிய அரிசி, துணி, பாய், வாள் எல்லாவற்றையும் கொடுத்துப் பிழைப்பது வணிகர் தெரு. பிரபுவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டால் வாடிக்கையாளர் மொத்தமும் அவரோடு கிளம்பிவிடும், தெரு படுத்துவிடும். பிவா ஏரிக்கரையில், இன்றைய ஷிகா மாகாணத்தில் இருக்கும் ஓமிஹாச்சிமான் இந்தக் கணக்கில் அடங்காத ஊர். 1585இல் எழுந்த கோட்டை 1595இல் இடிக்கப்பட்டது. ஊர் அதற்குப் பிறகுதான் செழித்தது.

ஓமி (ஷிகாவின் பழைய பேர்) வணிகர்களின் சாமர்த்தியம்தான் இதற்குக் காரணம் என்று சுற்றுலாப் பலகைகள் சொல்கின்றன. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. போன பிரபு ஒரு கால்வாயையும், ஒழுங்கான தெருக்களையும், வணிகனுக்குச் சாதகமான ஒரு சட்டத்தையும் விட்டுவிட்டுப் போனார். வாங்குகிற கூட்டத்தை மட்டும் கொண்டுபோய்விட்டார். வசதி எல்லாம் இருந்து வாடிக்கையாளர் மட்டும் இல்லாத ஊரில் வணிகன் என்ன செய்வான்? வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கு நடப்பான். ஓமிஹாச்சிமானின் வரலாறு அந்த நடையின் வரலாறு.

கதை பக்கத்து ஊரான அஸுச்சியில் தொடங்குகிறது. அன்றைய வலிமைமிக்க போர்த்தலைவர் ஓடா நொபுநாகா 1576இல் அங்கே கோட்டை கட்ட ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே, கோட்டை முடியுமுன், அதன் கீழிருந்த ஊருக்குப் பதின்மூன்று விதிகள் கொண்ட ஓர் ஆணை பிறப்பித்தார். ஜப்பானியப் பொருளாதார வரலாறு படிப்பவர்கள் தவறாமல் தொடும் ஆவணம் அது. அதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

முதல் விதி, இந்த ஊரில் எந்த வணிகக் குழுவுக்கும் ஏகபோகம் கிடையாது, சந்தை வரியும் கிடையாது என்கிறது. அதுவரை எண்ணெய், உப்பு, துணி என ஒவ்வொரு சரக்கையும் ஏதாவது கோயிலின் அல்லது பிரபுக் குடும்பத்தின் ஆதரவு பெற்ற குழு கையில் வைத்திருந்தது. குழுவில் இல்லாதவன் கடை போட முடியாது. அது இங்கே செல்லாது. அடுத்து, அந்த வட்டாரத்தின் வழியே போகும் வணிகர்கள் மேல்பாதையில் போகக்கூடாது, இந்த ஊருக்குள் வந்து தங்கித்தான் போக வேண்டும். ஊராருக்குக் கட்டுமான வேலை, குதிரை ஓட்டும் வேலை போன்ற கட்டாய உழைப்பு இல்லை. வீட்டில் யாரோ தீ வைத்தால் வீட்டுக்காரர் மேல் குற்றமில்லை. அவருடைய கவனக்குறைவால் தீப்பிடித்தால் விசாரித்து ஊரைவிட்டு அனுப்புவார்கள். திருட்டுப் பொருள் என்று தெரியாமல் வாங்கியவனுக்குத் தண்டனை இல்லை. வெளிநாட்டிலிருந்து, அதாவது வேறு பிரபுவின் மண்ணிலிருந்து, வந்து குடியேறியவனுக்கும் பழைய குடிகளுக்கும் ஒரே உரிமை. மாகாணத்துக் குதிரை வியாபாரம் முழுவதும் இங்கேதான் நடக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விடக் கனமானது எட்டாவது விதி. அந்தக் காலத்து ஆட்சியாளர்கள் அவ்வப்போது கடன்தள்ளுபடி ஆணை போடுவார்கள். சாமுராய்களோ உழவர்களோ வாங்கிய கடன் ஒரே நாளில் இல்லாமல் போகும். கொடுத்தவன் தலையில் துண்டு. மாகாணம் முழுக்க அப்படி ஆணை போட்டாலும் இந்த ஊருக்கு அது பொருந்தாது என்று எட்டாவது விதி உறுதி கொடுக்கிறது. கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் துணிச்சல் ஒரு வணிகனுக்கு எங்கிருந்து வரும்? திரும்பி வரும் என்ற நம்பிக்கையிலிருந்துதான். சந்தை வரியைத் தள்ளியதைவிட இது பெரிய சலுகை.

1582இல் நொபுநாகா கியோத்தோவின் ஹொன்னோஜி கோயிலில் மடிந்தார். அடுத்த சில நாட்களில் அஸுச்சிக் கோட்டை எரிந்தது. மூன்று ஆண்டு கழித்து, அதிகாரத்துக்கு வந்திருந்த தொயோதொமி ஹிதெயோஷி தன் அக்காள் மகன் ஹிதெத்சுகுவுக்கு ஓமி மாகாணத்தில் 4,30,000 கொகு விளைச்சல் நிலத்தைக் கொடுத்தார். ஒரு கொகு ஏறத்தாழ 150 கிலோ அரிசி. அந்த நிலத்தில் பாதிக்கு மேல் அவருடன் அனுப்பப்பட்ட மூத்த படைத்தலைவர்களின் பங்கு. 1568இல் பிறந்த ஹிதெத்சுகுவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. நடைமுறை நிர்வாகத்தைப் பெரும்பாலும் தனாகா யோஷிமாசா என்ற மூத்தவர் பார்த்துக்கொண்டார். இதே யோஷிமாசாதான் பிற்பாடு கியூஷு தீவின் யானகாவாவுக்குப் பிரபுவாகி அங்கேயும் கால்வாய் வேலைகளில் பேர் எடுத்தார். தண்ணீரை வைத்து ஊர் அமைக்கத் தெரிந்த மனிதர்.

அஸுச்சியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஹாச்சிமான் மலையின் உச்சியில் கோட்டை எழுந்தது. அடிவாரப் பள்ளத்தாக்கில் பிரபுவின் மாளிகை. அகழாய்வில் அங்கே தங்கத்தகடு ஒட்டிய கூரை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. மாளிகைக்கும் ஊருக்கும் நடுவே வெட்டிய அகழிதான் ஹாச்சிமான்போரி. சுமார் 15 மீட்டர் அகலம், ஐந்தாறு கிலோமீட்டர் நீளம், இரண்டு முனையும் ஏரித் தண்ணீரோடு சேரும். பாதுகாப்புக்கு மட்டும் என்றால் மலையைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டினால் போதும். இவர்கள் படகு உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி வெட்டினார்கள். ஏரியில் போய்வரும் படகுகள் ஹாச்சிமானில் ஒதுங்கிப் போக வேண்டும் என்று ஆணையும் போட்டார்கள். வடக்கே ஜப்பான் கடலோரத்துச் சரக்கு ஏரி வழியாகத்தான் கியோத்தோ, ஒசாகா பக்கம் இறங்கும். அந்த ஓட்டத்தை ஊரின் கொல்லைப்புறத்துக்கே திருப்பிவிட்டார்கள்.

1586இல் ஹிதெத்சுகுவும் பதின்மூன்று விதிகள் கொண்ட ஆணை ஒன்றைக் கொடுத்தார். நொபுநாகாவின் ஆணையை அடியொற்றியது. சுற்றுவட்டாரச் சந்தைகள் இந்த ஊருக்கு வந்து சேர வேண்டும் என்பதும் அதில் உண்டு. அஸுச்சி வணிகர்களும் கைவினைஞர்களும் கூட்டமாக இங்கே குடிபெயர்ந்தார்கள். தச்சர் தெரு, கொல்லர் தெரு, மீன்காரர் தெரு, பாய்க்காரர் தெரு, தரகர் தெரு எனத் தொழிலின் பேரிலான தெருக்கள் இன்றும் முகவரியில் இருக்கின்றன.

தெருக்களின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். வடக்கு தெற்காகப் பன்னிரண்டு, கிழக்கு மேற்காக நான்கு. கோட்டை நகரங்களில் எதிரி நேரே பாய்ந்து வராமலிருக்கத் தெருவை முட்டுச்சந்தாகவும் கோணலாகவும் மடிப்பது வழக்கம். இங்கே பெரும்பாலும் நேர்க்கோடு. மூட்டை தூக்குபவனுக்கும் வண்டிக்கும் தோதான தெரு. முதுகோடு முதுகு ஒட்டிய மனைகளுக்கு நடுவே ஒரு கல் சாக்கடை ஓடும். இரண்டு தெருவின் வீட்டுக் கழிவுநீரும் அதில் விழுந்து கால்வாய்ப் பக்கம் போகும். மனை எல்லையும் அதுவே என்பதால் எல்லைத் தகராறும் குறைவு.

குடிநீர்தான் தொல்லையாக இருந்தது. தாழ்வான சதுப்பு நிலத்தை மேடாக்கி எழுப்பிய ஊர், கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் வராது. அதனால் நல்ல ஊற்று உள்ள இடத்தில் ஒரு தாய்க்கிணறு அமைத்து, அங்கிருந்து கணு நீக்கிய மூங்கில் குழாய்களைத் தெருவுக்கு அடியில் பதித்து, வீட்டு வீடாகத் தொட்டிக் கிணறுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மூங்கில் மண்ணுக்குள் மக்கிவிடும், இணைப்பில் கசியும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தாய்க்கிணற்றைப் பகிர்ந்துகொண்ட வீடுகள் சேர்ந்து செலவையும் வேலையையும் பங்கு போட்டுக்கொண்டன. பிரபு இல்லாத காலத்தில் ஊர் தன்னைத் தானே நடத்தப் பழகியதற்கு இந்தக் கிணற்றுக் கூட்டங்களும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1590இல் ஹிதெத்சுகு ஒவாரி மாகாணத்துக்கு மாற்றலாகிப் போனார். அவருக்குப் பதிலாக வந்த கியோகொகு தகத்சுகு 28,000 கொகு மட்டுமே உள்ள சிறு பிரபு. 1591இல் ஹிதெயோஷியின் வாரிசாக உயர்ந்த ஹிதெத்சுகு, 1593இல் ஹிதெயோஷிக்குச் சொந்த மகன் பிறந்ததும் வேண்டாதவராகிப் போனார். 1595இல் கோயா மலையில் வயிற்றைக் கிழித்துச் சாகும்படி ஆனது. அவருடைய மனைவியர், பிள்ளைகள், பணிப்பெண்கள் முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கியோத்தோ ஆற்றங்கரையில் வெட்டினார்கள். அதே ஆண்டு ஹாச்சிமான் கோட்டையும் கைவிடப்பட்டது. தகத்சுகு ஒத்சுவுக்குப் போனார். அவரோடு சாமுராய்களும் போனார்கள். மகனுக்காக ஹிதெத்சுகுவின் தாய் கியோத்தோவில் நிறுவிய ஸுய்ரியூஜி கோயில் 1960களின் தொடக்கத்தில் இந்த மலையுச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, கோட்டையின் நடுமேடையில் நிற்கிறது. கோட்டையில் மிஞ்சியது கற்சுவர் மட்டும்.

இனி வணிகர்களின் முறை. முதலில் செய்தது காவடித்தண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியது. இதைப் பற்றி ஒரு தவறான படம் பரவியிருக்கிறது. விற்கிற சரக்கு முழுவதையும் தோளில் சுமந்து போனதாக நினைக்கிறார்கள். ஆரம்பத்தில் அப்படித்தான். தொழில் கொஞ்சம் வளர்ந்ததும் தோளில் இருந்தது மாதிரிகள் மட்டுமே. மொத்தச் சரக்கு குதிரையிலும் படகிலும் முன்கூட்டியே போய், வழக்கமாகத் தங்கும் சத்திரத்தில் இறங்கியிருக்கும். வணிகன் மாதிரியைக் காட்டி ஊர்க் கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடிப்பான். வீடு வீடாகச் சில்லறை விற்பவன் அல்ல, நடமாடும் மொத்த வியாபாரி.

கொண்டுபோனது பாய், கொசுவலை, அசா எனும் செடிநாரில் நெய்த துணி, பழைய துணி, மருந்து. திரும்பும்போது வெறுங்கையோடு வருவதில்லை. கிழக்கே பட்டு நூல், செம்பூச் சாயம், நார் மூலப்பொருள் வாங்கி வந்து கியோத்தோ பக்கம் விற்றார்கள். ரம்பம் தள்ளினாலும் அறுக்கும், இழுத்தாலும் அறுக்கும் என்று இதற்கு ‘ரம்ப வியாபாரம்’ எனப் பேர். கணக்கு எளிமையானது. போக்குவரத்துச் செலவு இரண்டு பக்கமும் பங்காகும். ஒரு பக்கம் விலை விழுந்தாலும் மறுபக்கம் காப்பாற்றும். இதற்குப் பெரிய முதல் வேண்டும் என்பதால் பல குடும்பங்கள் பணம் போட்டுக் கூட்டு வியாபாரமும் நடத்தின. நட்டம் வந்தால் ஒரு குடும்பத்தோடு போகாது.

ஒரு வட்டாரத்தில் காலூன்றியதும் கிளைக்கடை. ஓமி வணிகர்களிலேயே முதலில் எடோவில், அதாவது இன்றைய தோக்கியோவில், பெரிய கடை திறந்தவர்கள் ஹாச்சிமான்காரர்கள். நிஷிகாவா குடும்பம் 1566இல் தலைச்சுமை வியாபாரத்தில் தொடங்கி, கோட்டை ஊர் அமைந்ததும் ஹாச்சிமானில் கடை போட்டு, 1615இல் எடோவின் நிஹோன்பாஷியில் கிளை திறந்தது. பாயும் கொசுவலையும் முக்கியச் சரக்கு. அதுவரை கொசுவலை சாயமேற்றாத நாரின் மங்கல் நிறத்தில் இருந்தது. இரண்டாம் தலைமுறைக்காரர் அதை இளம்பச்சையாக்கி ஓரத்தில் சிவப்புத் துணி வைத்துத் தைத்தார். ஹகோனே மலைவழியில் பச்சைக்கொடி படர்ந்த மரத்தடியில் இளைப்பாறியபோது தோன்றிய யோசனை என்று குடும்பக் கதை. கோடைப் புழுக்கத்தில் படுத்தவன் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. எடோ தெருக்களில் நல்ல குரல்வளம் உள்ளவர்களைத் தேடிப் பிடித்து, புதுத் தொப்பியும் மேலாடையும் கொடுத்து, இழுத்துப் பாடிக்கொண்டே விற்க வைத்தார்கள். பச்சைக் கொசுவலை நாட்டின் வழக்கமானது. அந்த நிறுவனம் இன்றும் படுக்கை வியாபாரத்தில் இருக்கிறது.

கடை எங்கே இருந்தாலும் தலைமை வீடு ஹாச்சிமானில். வேலையாட்களும் பெரும்பாலும் ஓமிப் பிள்ளைகள். பத்துப் பன்னிரண்டு வயதில் எடுபிடியாகச் சேர்ப்பார்கள். தூரத்துக் கடையில் ஐந்தாறு ஆண்டு வேலை பார்த்தபின் முதல் முறையாக ஊருக்கு விடுமுறை. அது விடுமுறை மட்டுமல்ல, தேர்வும்கூட. சரிப்பட்டு வராதவனை மறுபடி அழைக்க மாட்டார்கள். தேறியவன் படிப்படியாக உயர்ந்து தலைமைக் கணக்கராகலாம், கடைசியில் முதலாளி கொடுக்கும் முதலோடு தனிக்கடை வைக்கலாம். முதலாளி மாதக்கணக்கில் வெளியூரில் இருந்ததால், பையன்களைத் தேர்ந்து எழுத்தும் கணக்கும் நடத்தையும் பழக்கும் பொறுப்பு தலைமை வீட்டுப் பெண்மணிகளிடம் இருந்தது. இந்த நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு அதிகாரிகள் அவர்கள்தான். வரலாற்று நூல்களில் அவர்களுக்கு இன்னும் நியாயமான இடம் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆதங்கம்.

நிஷிகாவா குடும்பம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊழியர்களுக்குப் பிரித்துத் தரும் முறையைக் கொண்டுவந்தது. கருணை என்று மட்டும் இதைப் படிக்க வேண்டாம். முதலாளி கண்ணுக்கு எட்டாத தூரத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடையில் பணப்பெட்டி பணியாள் கையில். அவனுக்கும் லாபத்தில் பங்கிருந்தால்தான் கணக்கு நேராக இருக்கும்.

ஓமி வணிகர் என்றதும் இன்று மேலாண்மைப் பேச்சாளர்கள் எடுத்துவிடும் வாசகம் ஒன்று உண்டு: விற்பவனுக்கும் நல்லது, வாங்குபவனுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. அந்த வாசகம் 20ஆம் நூற்றாண்டில் உருவானது. அதன் வேர் 1754இல் நாகமுரா ஜிஹேய் என்ற துணி வணிகர் எழுதிய உயிலில் இருக்கிறது. அவர் ஹாச்சிமான்காரர் அல்ல, கிழக்கே இஷிபாஜி ஊர்க்காரர். வெளியூருக்கு விற்கப் போனால் அந்த ஊர் மக்கள் இந்தத் துணியை மனநிறைவோடு உடுத்த வேண்டும் என்று நினை, கொள்ளை லாபத்துக்கு ஆசைப்படாதே என்று அதில் எழுதியிருக்கிறார். வாசகத்தைவிட அந்த உயில் எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

எல்லாக் கிளைகளிலும் அப்படி நடந்ததா என்றால், இல்லை. 17ஆம் நூற்றாண்டில் ஹாச்சிமான்காரர்கள் வடக்கே இன்றைய ஹொக்கைதோவின் மத்சுமாயே வரை போனார்கள். அரிசி விளையாத அந்த நாட்டின் பிரபு, தன் ஆட்களுக்கு நிலத்துக்குப் பதிலாக ஐனு பழங்குடிகளோடு வியாபாரம் செய்யும் உரிமையைக் கொடுத்தார். காலப்போக்கில் அந்த உரிமைகளை வணிகர்கள் குத்தகைக்கு எடுத்தார்கள். நிஷிகாவா தென்எமோன் குடும்பம் ஒஷோரோ, தகாஷிமா கரைகளை வைத்திருந்தது. ஹெர்ரிங் மீனும் கடற்பாசியும் கப்பலில் த்சுருகா வந்து, மலை கடந்து, பிவா ஏரி வழியாக இறங்கின. மீனைக் காய்ச்சிப் பிழிந்த சக்கை மேற்கு ஜப்பானின் பருத்தி வயல்களுக்கு உரமாயிற்று. அந்த மீன்பிடி முகாம்களில் ஐனு மக்கள் தங்கள் சொந்தக் கரையிலேயே கூலிகளாக வதைபட்டார்கள். ஹாச்சிமானின் அழகான கிடங்குச் சுவர்களைப் புகழும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடல் கடந்தவர்களும் இருந்தார்கள். நிஷிமுரா தாரோஎமோன் இளம் வயதில் அன்னாமுக்கு, அதாவது இன்றைய வியத்நாமுக்கு, கப்பலேறினார். 1647இல் செல்வத்தோடு நாகசாகித் துறைமுகம் வரை திரும்பி வந்தார். அதற்குள் நாடு கதவடைத்துவிட்டது, வெளிநாட்டில் வாழ்ந்தவர் கரையிறங்கினால் மரண தண்டனை. கப்பலை ஒரு பலகையில் ஓவியமாகத் தீட்டச் செய்து, தன் ஊரின் ஹிமுரே ஹாச்சிமான் கோயிலுக்குக் காணிக்கையாக அனுப்பிவிட்டு வந்த வழியே திரும்பினார். அந்தப் பலகை இன்றும் இருக்கிறது.

ஊருக்குள் வந்த பணம் எப்படிச் செலவானது என்பதை ஷின்மாச்சித் தெருவில் பார்க்கலாம். வெளியே மரச்சட்டச் சன்னலும் கருத்த பலகையும், மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கும் ஒரு பைன் மரமும். படாடோபம் இல்லை. 1706இல் கட்டிய நிஷிகாவா ரிஎமோன் வீடு, பின்கட்டில் மூன்றடுக்குக் கிடங்கோடு நிற்கிறது. பான் குடும்பத்து வீட்டை 1827இல் தொடங்கி 1840இல்தான் முடித்தார்கள். மெய்ஜி பேரரசரின் காலம் (1868–1912) தொடங்கியபின் அது பள்ளிக்கூடமாகவும் ஊராட்சி அலுவலகமாகவும் நூலகமாகவும் இருந்தது.

1889இல் ரயில் வந்தது. நிலையம் பழைய ஊரிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தெற்கே. படகுப் போக்குவரத்து சரிந்தது, புதுக் கடைகள் நிலையத்தைச் சுற்றி முளைத்தன. பழைய தெருக்களை இடித்துக் கட்ட யாருக்கும் அவசரம் வராததற்கு அந்த 2 கிலோமீட்டரும் ஒரு காரணம்.

கால்வாய்க்குத்தான் காலன் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உணவுப் பஞ்சத்தில் பிவாவை ஒட்டிய சிற்றேரிகளை வயலாக்கினார்கள். தைநாகா ஏரியில் மட்டும் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல். கால்வாய்க்குள் வரும் நீரோட்டம் குறைந்தது. வீட்டுக் கழிவுநீர் மட்டும் முன்போலவே வந்து விழுந்தது. ஓடாத தண்ணீரில் கசடு படிந்து 1.8 மீட்டர் கனமானது. நாற்றமும் கொசுவும் தாங்காமல், மூடிவிடுங்கள் என்று ஊராரே மனுக் கொடுத்தார்கள். மாகாண அரசும் திட்டம் போட்டு நிதி வாங்கியது.

1972இல் ஊரின் இளைஞர் வணிகர் சங்கத்தினர் எதிர்த்து எழுந்தார்கள். மூடிய கணத்திலிருந்தே வருத்தம் தொடங்கும் என்பது அவர்கள் முழக்கம். கையெழுத்து இயக்கத்தோடு நிற்காமல் ஞாயிறுதோறும் இடுப்பளவு சேற்றில் இறங்கி அள்ளினார்கள். முதலில் திட்டியவர்கள் பிறகு கூடச் சேர்ந்தார்கள். 1975இல் மாகாண அரசு வேலையை நிறுத்தி, வாங்கிய நிதியை மத்திய அரசுக்கே திருப்பிக் கொடுத்தது. தூர்வாரி, கற்கரைகளைப் பழையபடி கட்டினார்கள். 1991இல் கால்வாயும் ஷின்மாச்சியும் அடங்கிய பகுதி தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது.

கால்வாயின் கிழக்கு முனை சேரும் நிஷினோ ஏரி, வயலாகாமல் தப்பிய சிற்றேரி. அங்கே நாணல் வளர்கிறது. குளிர்காலத்தில் அறுத்துக் கட்டி உலர்த்துகிறார்கள், அறுத்த தரையை வசந்தத்துக்குள் எரிக்கிறார்கள். எரிக்காவிட்டால் களையும் பூச்சியும் மிஞ்சி, அடுத்த ஆண்டுத் தண்டு வளைந்து மெலிந்து போகும், தட்டி பின்ன உதவாது. இந்த நீர்நிலமும் நாணல் தொழிலும் சேர்ந்து 2006இல் ஜப்பானின் முதல் முக்கியப் பண்பாட்டு நிலப்பரப்பாகத் தேர்வாயின. பிளாஸ்டிக் தட்டி வந்தபின் நாணலுக்குச் சந்தை சுருங்கிவிட்டது. அறுக்கிற கைகளும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. அறுக்க ஆளில்லாத திட்டில் வில்லோ மரங்கள் ஏறும், மரம் ஏறினால் நாணல் பின்வாங்கும், சேறு மேடிட்டுக் கால்வாய்க்கு வரும் தண்ணீர் மறுபடியும் தடைபடும்.